குண்டலகேசியின் குற்றப்பதிவு

ஐம்பெருங்காப்பியங்களின் பெயரை வரிசைபடச் சொல்லத் தெரியாத தமிழ் மாணவனைக் காண்பது அரிது. ஆயின், அவ்வரிசையின் இறுதியில் நிற்கும் குண்டலகேசியைப் பற்றி மேலும் ஒரு வரி சொல்லுக என்று கேட்டால், பெரும்பாலோரிடமிருந்து வரும் விடை ஒன்றே: "கணவனை மலையிலிருந்து தள்ளிக் கொன்றவள்."

கோவலனைப் பற்றிக் கேட்டால் நாம் ஒரு வரியோடு நிறுத்துவதில்லை. அவன் மாதவியிடம் சென்றதைச் சொல்கிறோம். கண்ணகியிடம் மீண்டதையும் சொல்கிறோம். மதுரையில் பழியின்றி மாண்டதையும் மறவாமல் சொல்கிறோம். சீவகனைப் பற்றிக் கேட்டால் அவன் மணங்களோடு அவன் துறவையும் சேர்த்தே பேசுகிறோம். குண்டலகேசிக்கு மட்டும் ஒரு நாள், ஒரு கணம், ஒரு செயல் போதும் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பின் அவள் நாடெங்கும் சென்று வாதம் புரிந்தாள், மெய்ப்பொருள் தேடினாள், பிக்குணிகளுள் தலைசிறந்தோருள் ஒருத்தியாக வாழ்ந்தாள் என்பன நம் குறிப்பேடுகளில் இடம் பெறுவதில்லை.

இதனை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இல்லத்துக்குள் கொடுமைக்கு ஆளாகி, அக்கொடுமையின் விளைவாகவே சட்டத்தின் முன் குற்றவாளியாக நின்ற பெண்களின் குற்றப்பதிவை நீக்கலாமா என்னும் வினா, மேலை நாடுகள் சிலவற்றில் இன்று சட்டமாகவே உருப்பெற்றுள்ளது. அச்சட்டங்களின் நிறையையும் குறையையும் எடைபோடுவதற்குக் குண்டலகேசியின் கதை நல்லதோர் உரைகல்லாக அமைகின்றது. எனவே, காப்பியத்தில் தொடங்கிச் சட்டத்துக்குச் செல்வோம்.

கதையில் இரண்டு பதிவுகள்

கதை யாவரும் அறிந்ததே. வணிகர் குலத்துச் செல்வமகள் பத்திரை, கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்படும் கள்வன் காளனைக் கண்டு காதல் கொள்கிறாள். மகளின் பிடிவாதத்துக்கு இணங்கிய தந்தை, அவனை மீட்டு அவளுக்கே மணம் முடிக்கிறான். சில காலம் இனிது செல்கிறது. ஒருநாள் ஊடலிடையே, "நீ கள்வன் அல்லையோ" என்னும் கருத்துப்பட அவள் விளையாட்டாகக் கூறிவிடுகிறாள். அச்சொல் அவன் நெஞ்சில் நஞ்சாய்த் தங்குகிறது. அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கொல்லப்போவதாகக் கூறுகிறான். சாகுமுன் கணவனை மும்முறை வலம் வர வேண்டுமென இசைவு பெற்ற அவள், பின்புறம் வந்தபோது அவனைத் தள்ளிவிடுகிறாள். இக்கதையைத் தழுவி எழுந்ததே கலைஞர் மு. கருணாநிதியின் 'மந்திரி குமாரி'. அது 1950-ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையில் நாம் ஊன்றிக் கவனியாத ஒன்று உண்டு. குற்றப்பதிவு இதில் ஒன்றன்று, இரண்டு. முதற் பதிவு காளனுடையது. அவன் திருடினான், தீர்ப்புப் பெற்றான். பெண்ணின் காதலும் தந்தையின் செல்வமும் அவன் பதிவை ஒரே நாளில் துடைத்துவிட்டன. கள்வன் மருமகன் ஆனான். ஊராரும் அதனை ஏற்றுக் கொண்டனர் போலும். துடைக்கப்பட்ட அப்பதிவை ஒருத்தி, ஒருமுறை, அதுவும் விளையாட்டாய்ச் சொன்னதற்கே அவன் அவள் உயிரைக் கேட்டான். பழங்குற்றத்தை ஒருவன் முகத்துக்கு நேரே சொல்வது எத்துணைக் கொடிய புண் என்பதைக் காப்பியமே நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாம் பதிவு அவளுடையது. அவள் செய்த செயல், தன் உயிரைக் காக்கச் செய்தது. ஆயினும் அதனை நாம் ஆயிரம் ஆண்டுகளாகத் துடைக்கவில்லை. நாள்தோறும் வகுப்பறையில் சொல்கிறோம். திருடியவனின் பதிவு பொன்னால் அழிந்தது; உயிர் பிழைத்தவளின் பதிவு மட்டும் அழியாமல் நிற்கிறது. இவ்வேற்றுமையைக் கதை சொல்வோர் எவரும் வியந்து நின்றதாகத் தெரியவில்லை.

எதிராளியின் ஏடு

இப்பதிவு எவ்வழியே நம் கைக்கு வந்தது என்பதும் எண்ணத்தக்கது. நாதகுத்தனார் இயற்றிய குண்டலகேசிக் காப்பியம் மறைந்துவிட்டது. புறத்திரட்டு முதலியவற்றால் காக்கப்பெற்று இன்று நமக்குக் கிடைப்பன ஏறத்தாழ இருபது செய்யுட்களே. அவையும் பெரும்பாலும் நிலையாமை முதலிய பொது அறம் கூறுவன. மலையுச்சியில் அவள் என்ன நினைத்தாள், என்ன சொன்னாள் என்று காப்பியப் புலவர் பாடிய பகுதி நமக்கு எஞ்சவில்லை.

அவ்வாறாயின் கதை எங்ஙனம் தெரிந்தது? குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமண நூலாகிய நீலகேசியும், அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையுமே தமிழில் நமக்குப் பெருந்துணை. அவ்வுரையோடு நீலகேசியை அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அவர்கள் இன்றேல் இக்கதையை நாம் அறிந்திருக்க மாட்டோம். எனவே நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். எனினும், நீதிமன்ற வழக்கில் பழகியோர்க்கு இந்நிலை என்ன என்பது புரியும். அவளுடைய வாக்குமூலம் தொலைந்துவிட்டது. எதிர்வழக்காடியின் கட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அக்கட்டைப் படித்தே நாம் தீர்ப்புச் சொல்லி வருகிறோம்.

பாலி மொழியில் அவள் குரல் சற்றே மிஞ்சியிருக்கிறது. பிக்குணியர் பாடிய பாடல்களின் தொகுதியாகிய தேரிகாதையில் பத்தா குண்டலகேசியின் பெயரால் ஐந்து செய்யுட்கள் உள்ளன. தான் முன்பு மேற்கொண்ட கடுந்தவக் கோலத்தையும், கழுகுமலையில் புத்தர் பெருமானைக் கண்டதையும், அவர் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததையும், அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் ஆகிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகள் கடன்படாது ஐயம் ஏற்று வாழ்ந்ததையும் அவள் அவற்றில் கூறுகிறாள். மலையிலிருந்து ஒருவனைத் தள்ளியதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. அச்செய்தியைக் கொண்டு வந்து சேர்ப்பவர்கள் பிற்காலத்து உரையாசிரியர்களே. பௌத்த மரபில் புத்தர் அவளுக்கு அளித்த சிறப்பு, மெய்யுணர்வை விரைந்து எய்தியோருள் முதல்வி என்பது. அவளைக் குறிக்க ஒரு வரி வேண்டுமென்றால், அவளுடைய ஆசான் தேர்ந்தெடுத்த வரி அது. நாம் தேர்ந்தெடுத்த வரி வேறு.

பதிவை நீக்குதல் என்பதன் பொருளை இங்கேயே கண்டுகொள்ளலாம். நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்பது அன்று அது. உரையாசிரியர் எழுதி வைத்த கதை அப்படியே இருக்கிறது. யாரும் அதை எரிக்கச் சொல்லவில்லை. ஆயினும், ஒருத்தியை அழைக்கும்போது அவளை எப்பெயரால் அழைப்பது என்பதில்தான் நீதி அடங்கியிருக்கிறது.

உச்சியும் அடுக்களையும்

இனிச் சட்டத்துக்கு வருவோம். குண்டலகேசி இன்று நம் நாட்டிலோ சிங்கப்பூரிலோ வழக்குமன்றத்தில் நின்றால் என்ன ஆகும்? இரு நாட்டுத் தண்டனைச் சட்டங்களும் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தவை. அவற்றின் 100-ஆம் பிரிவு, தாக்குபவனால் தனக்குச் சாவு நேரும் என்று நியாயமாக அஞ்சுவோர் அவனுக்குச் சாவு விளைவித்தாலும் அது தற்காப்புரிமையுள் அடங்கும் என்று கூறுகிறது. காளன் கொல்லப்போவதாக வாயாலேயே சொன்னான், இடம் மலையுச்சி, உதவிக்கு எவரும் இல்லை. அவள் சொல்லை மன்றம் நம்புமாயின் அவள் விடுதலை பெறுவாள். தண்டனையும் இல்லை.

ஆனால், அடிபட்டு வாழும் பெண்கள் எல்லோர்க்கும் மலையுச்சி வாய்ப்பதில்லை என்பதே சிக்கல். அவர்களுக்கு வாய்ப்பது அடுக்களை. அங்கே கொடுமை ஒருநாள் முழக்கத்தோடு வருவதில்லை. பத்து ஆண்டுகள் சிறுகச் சிறுக வருகிறது. அவளால் எதிர்க்க முடிகின்ற கணம், அவன் கை ஓங்கிய கணமாக இருப்பதில்லை; அவன் உறங்கும் கணமாக இருக்கிறது.

இதற்குச் சான்றாக உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. பஞ்சாபில் பிறந்து 1979-இல் மணம் செய்து இங்கிலாந்துக்குச் சென்ற கிரண்ஜித் அலுவாலியா, பத்தாண்டுக் காலம் கணவனிடம் அடியும் வசையும் பட்டார். நீதிமன்றத்தில் தடையாணை இருமுறை பெற்றும் கொடுமை நிற்கவில்லை. 1989-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, சூடான இஸ்திரிப் பெட்டியால் அவன் அவர் முகத்தைச் சுட முற்பட்டான். பின்னர் அவன் உறங்கியபோது அவர் அவன் கால்கள் மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். சில நாட்களில் அவன் இறந்தான். அவ்வாண்டு டிசம்பரில் கொலைக்குற்றத்துக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆங்கிலச் சட்டம் அன்று கேட்ட கேள்வி, "திடீரென்று நிலையிழந்தாயா?" என்பது. 'திடீர்' என்னும் அச்சொல்லை அழுத்தந்திருத்தமாக வகுத்தது 1949-ஆம் ஆண்டு டஃபி வழக்கு. அவ்வழக்கில் நின்றவளும் கணவனால் அடிபட்டு, அவன் படுக்கையில் இருந்தபோது அவனைக் கொன்ற மனைவியே. அடிபட்ட ஒருத்தியின் வழக்கில் வகுத்த சொல்லே, பின்வந்த அடிபட்ட பெண்களுக்கெல்லாம் வாயிற்கதவை அடைத்தது. வலியவன் வலுவற்றவளை அடிக்கும்போது சினம் உடனே கைக்கு வரும்; வலுவற்றவள் சினம் கைக்கு வர நாளாகும். திடீர்ச் சினத்துக்கு மட்டும் இரக்கம் காட்டும் சட்டம், யார் கை வலியதோ அவர்க்கு இரங்கும் சட்டமாகிவிடுகிறது.

நம் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவும், கொலைக்குற்றத்தின் கடுமையைக் குறைக்க, கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலையே கேட்கிறது. இந்தியாவில் 2024-ஆம் ஆண்டு ஜூலையில் புதிய சட்டத்தொகுதி நடைமுறைக்கு வந்தபோதும் 'திடீர்' என்னும் நிபந்தனை போகவில்லை. ஆயினும், 1989-இல் சென்னை உயர்நீதிமன்றம் இந்நெருக்கடியில் ஒரு வழி கண்டது. கணவன் கொடுமையால் குழந்தைகளோடு கிணற்றில் வீழ்ந்து, தான் மட்டும் பிழைத்துக் கொலைக்குற்றவாளியாய் நின்ற ஒரு தாயின் வழக்கு அது. நெடுங்காலம் தொடர்ந்து வரும் ஆத்திரமூட்டலும் விதிவிலக்கில் அடங்கும் என்று கொண்ட நீதிமன்றம், அத்தகைய பெண்ணின் மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே இட்டது. நம் பாட்டிமார் ஒப்பாரி போல் பாடிவந்த கதை ஒன்று, நீதிபதியின் தீர்ப்பில் ஒரு சட்டக் கருத்துக்குப் பெயரானது. நாட்டார் இலக்கியம் எதற்குப் பயன்படும் என்று வினவுவோர்க்கு இதனைவிட நல்ல விடை வேண்டுமோ?

நாற்பது திங்கள்

கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்னும் பெண்கள் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992-ஆம் ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு மன்றம் கொலைத் தீர்ப்பை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. செப்டம்பரில், மனநிலை பாதிப்பால் பொறுப்புக் குறைந்தவர் என்னும் அடிப்படையில், கொலையினும் குறைந்த குற்றம் ஏற்கப்பட்டது. விதித்த தண்டனை மூன்று ஆண்டு நான்கு திங்கள். அதனை அவர் முன்பே சிறையில் கழித்திருந்தமையால் அன்றே வெளிவந்தார். பின்னர் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்து, பழைய ஆத்திரமூட்டல் விதியை ஒழித்து, நிலையிழப்புத் திடீரென நேர வேண்டியதில்லை என்று வகுத்தது. இவற்றை மகிழ்ந்து பாராட்டுவோம்.

ஆயினும், தண்டனை முடிந்தால் எல்லாம் முடிந்ததா? இங்கேதான் பதிவு வருகிறது. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறித்த காலம் நல்வழியில் நடந்தோரின் பழந்தண்டனையைக் காலாவதியானதாகக் கருதுகிறது. ஆனால் அன்று அச்சட்டம் இட்ட எல்லை முப்பது திங்கள். அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை ஒருநாளும் காலாவதி ஆகாது. மூன்று ஆண்டு நான்கு திங்கள் என்பது நாற்பது திங்கள். பத்துத் திங்கள் மிகுதியால், அத்தகைய தண்டனை பெற்றவரின் பதிவு சாகுமட்டும் நிற்கும் என்பதே அன்றைய நிலை. 2014-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் அவ்வெல்லை நாற்பத்தெட்டுத் திங்களுக்கு உயர்ந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மாற்றம் அது. அதற்குப் பின்னும், ஆசிரியப்பணி போன்று சிறாரோடு பழகும் பணிகளுக்குச் செல்வோரிடம் காலாவதியான பதிவையும் கேட்டறிய விதிவிலக்கு உண்டு.

ஒருவர் கேட்கலாம்: "அவர் தம் கதையைத் தாமே நூலாக எழுதி 1997-இல் வெளியிட்டாரே; 2006-இல் அது 'ப்ரொவோக்ட்' என்னும் திரைப்படமாகவும் வந்ததே; பிறகு எதனை மறைப்பது?" நல்ல கேள்வி. தன் புண்ணைத் தானே காட்டுவது வேறு. வேலைக்கு மனுச் செய்யும்போது பிறன் ஒருவன் அதைத் தாளில் அச்சிட்டு மேசைமேல் வைப்பது வேறு. முன்னதில் அடியும் இருக்கும், அடிக்கு முன் நடந்த பத்தாண்டும் இருக்கும். பின்னதில் குற்றத்தின் பெயரும் தண்டனையின் அளவும் மட்டுமே இருக்கும். நூல் காப்பியம் போன்றது. பதிவு நம் வினாவிடைக் குறிப்பு போன்றது.

புதிய சட்டங்களும் அவற்றின் குறையும்

கொலை வழக்குகள் அரியன. கொடுமைக்கு ஆளான பெண்கள் பதிவு பெறுவது பெரும்பாலும் சிறு குற்றங்களால். அவன் மிரட்டக் கள்ளக் காசோலையில் கையொப்பமிட்டவள். அவன் அனுப்பக் கடையில் திருடியவள். அவன் போதைப்பொருளைத் தன் பையில் வைத்திருந்தவள். காவலர் வந்தபோது தடுக்க ஓங்கிய கையோடு நின்றமையால் அவனோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டவள். அமெரிக்காவில், பிள்ளையை அவன் அடித்ததைத் தடுக்கவில்லை என்று தாய்மீதே வழக்குத் தொடுப்பதும் உண்டு. இவர்கள் அவனை விட்டு ஓடி வந்த பின்பும் பதிவு விடுவதில்லை. வேலை கேட்கும்போதும், வாடகைக்கு வீடு கேட்கும்போதும், பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்கக் கேட்கும்போதும் அது முன்வந்து நிற்கிறது. வருவாயும் வீடும் கிடைக்காதவள் எங்கே போவாள்? அடித்தவனிடமே திரும்பிப் போவாள். பதிவு அவனுக்கு ஒரு காவலாளாக வேலை செய்கிறது.

இதனை உணர்ந்து முதலில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம், மனிதக் கடத்தலுக்கு ஆளாகி விபசாரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரின் தீர்ப்பை நீக்க 2010-இல் வழிசெய்தது. கலிபோர்னியா மாநிலம் 2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அத்தகைய உரிமையை, வாழ்க்கைத் துணையின் வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானோர்க்கும் விரித்தது. குற்றம் அவ்வன்முறையின் நேரடி விளைவு என்று தெளிவான சான்றால் காட்டினால், குற்றம் புரியும் எண்ணம் அவளுக்கு இருந்ததில்லை என்று மன்றம் கொண்டு, தீர்ப்பையே செல்லாததாக்கும். பதிவேடுகள் முத்திரையிடப்பட்டுப் பின் அழிக்கப்படும். அதன்பின் "உன்மீது தீர்ப்பு உண்டா?" என்று கேட்போர்க்கு அவள் இல்லையென்று சொன்னாலும் அது சட்டத்துக்கு இசைந்த விடையே. மன்னிப்பு வேறு, இது வேறு என்பதைக் கவனிக்க. மன்னிப்பு, "நீ செய்தாய், ஆயினும் விட்டேன்" என்கிறது. இச்சட்டமோ, "செய்தது உன் கை, எண்ணியது வேறு நெஞ்சு" என்று ஒப்புக்கொள்கிறது.

இத்துணை உயர்ந்த கருத்தின் உள்ளே ஒரு வேலியும் இருக்கிறது. வன்முறை சார்ந்த குற்றங்களுக்கு இச்சட்டம் உதவாது. கள்ளக் காசோலையில் கையொப்பமிட்டவள் விடுதலை பெறுவாள். உயிருக்கு அஞ்சி அவனைத் தாக்கியவள் பெரும்பாலும் பெறமாட்டாள். எவள்மீது விழுந்த அடி குறைவோ அவளுக்கு வழி எளிது. எவளைச் சாவின் விளிம்புக்குத் தள்ளினார்களோ அவளுக்கு வழி இல்லை. தற்காப்பை மெய்ப்பிக்க முடியாத குண்டலகேசி ஒருத்தி அம்மாநிலத்தில் இருந்தால், அவளைக் கைதூக்கிவிட அச்சட்டத்தால் இயலாது.

நியூயார்க் 2019-இல் மற்றொரு சட்டம் இயற்றியது. அது வன்முறைக் குற்றங்களுக்கும் இடமளிக்கிறது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் அவள் பெருங்கொடுமைக்கு ஆளாகியிருந்தாள், அக்கொடுமை குற்றத்துக்கு முக்கியமான காரணமாயிற்று, வழக்கமான தண்டனை அளவு மீறியதாகும் என்னும் மூன்றையும் காட்டினால் தண்டனை குறையும். நிக்கோல் அடிமாண்டோ என்பவர் தம் துணைவனைக் கொன்ற வழக்கில் 19 ஆண்டு முதல் ஆயுள் வரை விதித்த தண்டனையை, 2021-இல் மேல்முறையீட்டு மன்றம் இச்சட்டத்தின்படி ஏழரை ஆண்டாகக் குறைத்தது. ஆனால் குறைவது தண்டனையே. தீர்ப்பு நீங்குவதில்லை, பதிவும் நிற்கும். மேலும், சிறையில் இருப்பவள் பழைய தண்டனையைக் குறைக்கக் கோரினால், கொடுமைக்குச் சான்றாகக் குறைந்தது இரண்டு ஆவணங்களை மனுவோடு இணைக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் மருத்துவமனைக் குறிப்பு, காவலர் அறிக்கை, நீதிமன்றப் பதிவு, சாட்சியின் உறுதிமொழி போன்றதாக இருத்தல் வேண்டும்.

பொய் சொல்வோரைத் தடுக்கச் சான்று வேண்டும் என்பது நேர்மையான எண்ணமே. எனினும், கொடுமையின் இயல்பை அறிந்தோர் இதில் உள்ள முரணைக் காண்பர். வீட்டை விட்டு வெளியே விடாதவன், மருத்துவரிடம் போகவா விடுவான்? "படியில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லச் சொல்லி அவன் அருகிலேயே நிற்கும்போது, மருத்துவமனைக் குறிப்பில் என்ன இருக்கும்? மிகுதியாக அடைக்கப்பட்டவளிடம் மிகக் குறைவான தாள்கள் இருக்கும். அவள்மீதுள்ள ஏட்டைக் குறைக்க வேறோர் ஏட்டைக் கேட்கிறது சட்டம். வாக்குமூலம் தொலைந்த குண்டலகேசியின் நிலையே அவள் நிலை.

நம் பக்கத்துக்கு வருவோம். சிங்கப்பூர் 2005-இல் ஏற்படுத்திய முறைப்படி, மூன்று திங்களுக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால் அவர் பதிவு காலாவதி ஆகும். இஃது எளிய முறை. தாள்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆயினும் இது தண்டனையின் அளவைப் பார்க்கிறது. செயலின் காரணத்தைப் பார்ப்பதில்லை. மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கொடுமைக்கு ஆளானோர்க்குப் பாதுகாப்பு ஆணை பெற வழி தருகிறது. அது வருங்காலத்து அடியைத் தடுக்கும் சட்டம். கடந்தகாலத்துப் பதிவைத் துடைப்பது அதன் வேலையன்று. சிங்கப்பூரின் எளிமையும் கலிபோர்னியாவின் நோக்கும் ஒன்றுசேருமாயின் அது போற்றத்தக்க சட்டமாகும்.

மறுப்பும் விடையும்

இரு மறுப்புகளுக்கு விடை கூற வேண்டும். முதலாவது, மாண்டவனுக்கும் தாய் தந்தையர் உண்டு, அவர்கள் துயரை அழிப்பது முறையா என்பது. முறையன்று. கொடியவன் இறந்தாலும் ஈன்ற வயிறு எரியும். அதனால்தான் வழக்கின் ஏடு நீதிமன்றத்துக்கு வேண்டும். மெய் என்ன என்று ஆராய விசாரணை வேண்டும். நாம் கேட்பது, அவ்வேடு முதலாளியின் மேசைக்கும் வீட்டுக்காரன் கைக்கும் போகவேண்டுமா என்பதே. மகனை இழந்த தாய்க்கு, அவள் மருமகள் வேலையின்றி அலைவதால் எந்த ஆறுதலும் பிறக்கப் போவதில்லை.

இரண்டாவது, பதிவை நீக்கினால் பலரும் கொடுமைக்கு ஆளானோம் என்று பொய் சொல்லித் தப்புவர் என்பது. பொய்யர் எச்சட்டத்திலும் உண்டு. அதற்காகத் தற்காப்புரிமையை எந்நாடும் ஒழித்துவிடவில்லை, விசாரித்தே அறிகிறது. அவ்விசாரணையைத் தாள்களால் மட்டும் நடத்தாமல், நீண்டநாள் கொடுமை மனத்தை என்ன செய்யும் என்பதை அறிந்த மருத்துவர் சொல்லும், அண்டை அயலார் சொல்லும், அப்பெண்ணின் சொல்லும் கேட்டு நடத்துக என்பதே நம் வேண்டுகோள். காசுக்குக் காளன் பதிவைத் துடைத்த உலகம், காரணத்துக்கு ஒருத்தியின் பதிவைத் துடைக்க அஞ்ச வேண்டியதில்லை.

ஆசிரியர் கையில் உள்ள பேனா

சட்டத்தை மாற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை. ஆயினும், பதிவு எழுதும் ஆற்றல் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் உண்டு. பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு நற்சான்றிதழ் எழுதும் தலைமையாசிரியன் நான். ஒரு பிள்ளை ஆறாண்டில் செய்த நூறு செயல்களுள் எதனை எழுதுவது, எதனை விடுவது என்று ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் எண்ண வேண்டியிருக்கிறது. வீட்டில் அடி தாங்காமல், வகுப்பில் ஒருநாள் நாற்காலியை எறிந்த பிள்ளையின் தாளில் நாற்காலியைப் பற்றி எழுதுவதில்லை. நாற்காலியை எறிந்தது பொய் என்பதால் அன்று. அந்தப் பிள்ளை அந்த நாற்காலி அன்று என்பதால்.

இவ்வாறு பிள்ளைகளுக்குச் செய்யத் தெரிந்த நானே, சில ஆண்டுகளுக்கு முன் இலக்கியப் புதிர்ப்போட்டி ஒன்றுக்கு வினாக்கள் தொகுத்தபோது, "கணவனைக் கொன்ற காப்பியத் தலைவி யார்?" என்று எழுதிக் கொடுத்தேன். மேடையில் ஒரு சிறுமி நொடியில் விடை சொன்னாள், அவையோர் கைதட்டினர், நானும் தட்டினேன். அவ்வினாவை அடுத்த போட்டிக்கு இவ்வாறு திருத்தி வைத்திருக்கிறேன்: "ஐம்பது ஆண்டுகள் ஐந்து நாடுகளில் நடந்து அறம் நாடிய காப்பியத் தலைவி யார்?" விடை வருவதற்குச் சற்று நேரம் ஆகலாம். காத்திருப்போம்.